மெய்நிகர் கணினிக்குக் கிராபிக்ஸ் மெமரியை அளந்து ஒதுக்கும் முறை

பாரிமுனை முதல் தண்டையார்பேட்டை, மணலி வரை உள்ள சரக்கு முகவர் அலுவலகங்களுக்கும் இரும்புக் கட்டுமான வரைபட அலுவலகங்களுக்கும் மெய்நிகர் கணினிகளை அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். இந்த அலுவலகங்களில் மேசையின் மேல் இருப்பவை மானிட்டரும், விசிறி இல்லாத ஒரு சிறிய தின் கிளையன்ட் பெட்டியும் மட்டுமே. பணியாளர் தன் கணினி என்று நினைப்பது பின்னறையில் உள்ள சர்வருக்குள் ஓடுகிறது. கடற்காற்றின் உப்பில் மதர்போர்டுகள் விரைவாகத் துருப்பிடிக்கும் நம் பகுதிக்கு இது மிகவும் பொருத்தமான ஏற்பாடு என்பது என் அனுபவம். ஆனால் இந்த ஏற்பாட்டில் எல்லோரும் ப்ராசஸர், ராம், ஹார்டு டிஸ்க் ஆகிய மூன்றையும் கணக்குப் பார்த்து ஒதுக்குகிறார்களே தவிர, கிராபிக்ஸ் மெமரியை மட்டும் ஏற்கெனவே இருக்கும் எண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். அல்லது, கேட்டால் இருக்கட்டும் என்று கையில் வந்த பெரிய எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. மேசையில் எத்தனை மானிட்டர்கள், எந்த அளவில், எந்தத் திசையில் நிற்கின்றன என்பதைப் பார்த்துக் கணக்கிட வேண்டிய எண் அது. அந்தக் கணக்கையும், அதைச் சர்வரில் பதியும் முறையையும் இங்கே விளக்குகிறேன்.

இரண்டு வேறு மெமரிகள்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் மெமரி என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் இரண்டு தனித்தனிச் செலவுகள் உள்ளன. திரையில் இந்தக் கணத்தில் தெரியும் படத்தை, ஒவ்வொரு பிக்சலுக்கும் இன்ன நிறம் என்று எழுதி வைத்திருக்கும் இடம் ஒன்று. இதை ஃப்ரேம் பஃபர் என்பார்கள். முப்பரிமாணப் பொருள்களை வரைவதற்குத் தேவையான வடிவங்களையும் மேற்பரப்புப் படங்களையும் இடைநிலைக் கணக்குகளையும் வைத்துக்கொள்ளும் இடம் மற்றொன்று. இதை 3டி மெமரி எனலாம். முதலாவது போதாவிட்டால் மானிட்டர் கறுப்பாக இருக்கும், அல்லது விரும்பிய அளவு பட்டியலிலேயே வராது. இரண்டாவது போதாவிட்டால் படம் வரும். ஆனால் திணறும், பாதியில் உறையும், சில சமயம் மென்பொருளே மூடிக்கொள்ளும். ஒன்றின் குறையை மற்றொன்றைக் கூட்டித் தீர்க்க முடியாது. இரண்டாவது மானிட்டர் வரவில்லை என்பதற்காக 3டி மெமரியை 512 எம்பி வரை ஏற்றி வைத்த கணினிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மானிட்டர் அப்போதும் கறுப்பாகவே இருந்தது.

ஆகவே குறையைக் கேட்கும்போதே அது எந்த வகை என்று பிரித்துக் கேட்க வேண்டும். படமே வரவில்லையா, அல்லது வந்த படம் தடுமாறுகிறதா என்ற ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

ஃப்ரேம் பஃபர் கணக்கு

இந்தக் கணக்கு தாளிலும் பென்சிலிலும் போடக்கூடியது. அகலத்தின் பிக்சல் எண்ணிக்கையை உயரத்தின் பிக்சல் எண்ணிக்கையால் பெருக்கி, அதை 4ஆல் பெருக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட், அவற்றுடன் நான்காவதாக ஒரு பைட் என்று, 32 பிட் நிறத்தில் ஒரு பிக்சல் 4 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. 1920×1080 மானிட்டருக்கு இது 82,94,400 பைட். ஓர் எம்பி என்பதை இங்கே 10,48,576 பைட் என்று கொண்டால், 7.91 எம்பி வருகிறது. எனவே 8 எம்பி வேண்டும். 2560×1440 மானிட்டருக்கு 1,47,45,600 பைட், அதாவது ஏறத்தாழ 14.1 எம்பி. 4கே எனப்படும் 3840×2160க்கு 3,31,77,600 பைட். 32 எம்பிக்குள் சற்றே நெருக்கமாக அடங்கிவிடும்.

பைட் வரை கணக்குப் பார்ப்பது மிகை என்று தோன்றலாம், மிகை அன்று. பழைய 1366×768 மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 41,96,352 பைட் வேண்டும். 4 எம்பி என்பது 41,94,304 பைட்தான். வெறும் 2,048 பைட் குறைகிறது, ஆகவே 4 எம்பி மட்டும் ஒதுக்கப்பட்ட மெய்நிகர் கணினி அந்த மானிட்டரின் இயல்பான அளவை எடுக்காது. தோராயமாக 4 எம்பி என்று தலையை ஆட்டிவிட்டால், மானிட்டரைக் குறை சொல்லி, கேபிளை மாற்றி, டிரைவரை மறுபடி நிறுவி, ஒரு நாளே போய்விடும்.

மானிட்டர்கள் இரண்டாகும்போது கணக்கில் இன்னொரு நுணுக்கம் நுழைகிறது. இதை நான் கற்றுக்கொண்டது தண்டையார்பேட்டையில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில். அங்கே எல்லா மெய்நிகர் கணினிகளும் லினக்ஸ், சர்வரில் அவற்றை ஓட்டுவது கேவிஎம் என்ற மென்பொருள். ஆவணப் பிரிவில் உள்ளவர்களுக்கு இரண்டு 1920×1080 மானிட்டர்கள்: ஒன்றில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளம், மற்றொன்றில் ஏற்றுமதியாளர் அனுப்பிய இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும். மானிட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்தவாக்கில் இருந்தன. மொத்த அகலம் 3840, உயரம் 1080, 1,65,88,800 பைட். இயல்பாக ஒதுக்கப்பட்டிருந்த 16 எம்பி என்பது 1,67,77,216 பைட். 1,88,416 பைட் மிச்சம். அடங்குகிறது என்று கணக்குப் போட்டு, அப்படியே விட்டுவிட்டேன். பல மாதங்கள் ஒரு புகாரும் இல்லை.

ஒரு நாள் காலை, கப்பலுக்குச் சரக்குப் பெட்டகம் (கன்டெய்னர்) உள்ளே போக வேண்டிய கட்-ஆஃப் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, அங்கு மூத்தவரான ஆவணப் பிரிவு அக்கா அழைத்தார். "தம்பி, ரெண்டாவது டீவி போயிடுச்சுப்பா, ஷிப்பிங் பில்லு பாதியில நிக்குது" என்றார். அங்கே எல்லோருக்கும் மானிட்டர் டீவிதான். நேரில் போய்ப் பார்த்தபோது மானிட்டர் பழுதாகவில்லை. அவர் அதை நெட்டுக்குத்தலாகத் திருப்பி வைத்திருந்தார். பேக்கிங் லிஸ்ட் நெட்டுக்குத்தலான தாள். அதை முழுப் பக்கமாகப் படிக்க மானிட்டரைத் திருப்பியது முற்றிலும் நியாயமான செயல். அந்த மானிட்டரின் தாங்கி திரும்பும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. திரை அமைப்பிலும் அவரே செங்குத்து என்று மாற்றியிருந்தார். பிக்சல்களின் எண்ணிக்கை கூடவில்லையே, பிறகு ஏன் படம் போயிற்று என்று நான் நின்று யோசித்தேன்.

விடை இதுதான். லினக்ஸில் திரையைக் கவனிக்கும் எக்ஸ் சர்வர் என்ற நிரல் இரண்டு மானிட்டர்களையும் தனித்தனியாக அல்லாமல், இரண்டையும் சுற்றி வரையப்படும் ஒரே செவ்வகமாக வைத்துக்கொள்கிறது. ஒன்று படுத்திருக்க, மற்றொன்று நின்றால், அந்தச் செவ்வகத்தின் அகலம் 1920உம் 1080உம் சேர்ந்து 3000. உயரம் பெரியதான 1920. 3000ஐ 1920ஆலும் பிறகு 4ஆலும் பெருக்கினால் 2,30,40,000 பைட், அதாவது ஏறத்தாழ 22 எம்பி. படுத்திருக்கும் மானிட்டருக்கு மேலேயோ கீழேயோ கண்ணுக்குத் தெரியாமல் வீணாகும் மூலைக்கும் மெமரி கொடுக்க வேண்டியிருக்கிறது. 16 எம்பிக்குள் அது அடங்காததால் புதிய அமைப்பை ஏற்க முடியாமல் இரண்டாவது திரை அணைந்துபோயிற்று. அன்றைக்கு மானிட்டரை மறுபடி படுக்கவைத்து அவருடைய ஷிப்பிங் பில்லை முடிக்கச் செய்துவிட்டு, மாலையில் எல்லாக் கணினிகளுக்கும் எண்ணை மாற்றினேன். தவறு என்னுடையது: மேசையில் அன்று இருந்த நிலையை அளந்தேனே தவிர, பணியாளர் அதை எப்படியெல்லாம் வைத்துக்கொள்ள விரும்புவார் என்பதை அளக்கவில்லை.

அதிலிருந்து நான் பின்பற்றும் விதி: திரும்பக்கூடிய தாங்கி உள்ள மானிட்டர் எதுவானாலும், அதன் நீளமான பக்கத்தையே அகலமாகவும் உயரமாகவும் கொள்ள வேண்டும். 1920×1080 மானிட்டரை 1920×1920 என்றே எண்ணினால் இரண்டுக்கும் சேர்த்து 3840×1920. 4ஆல் பெருக்கினால் 2,94,91,200 பைட், அதாவது 28.1 எம்பி. அதற்கு அடுத்த இரண்டின் அடுக்கு 32 எம்பி. இந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் யார் எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் போகாது. உரிமையாளரின் அறையில் ஒரு 4கே மானிட்டருக்குப் பக்கத்தில் பழைய 1920×1080 ஒன்று இருந்தால், செவ்வகம் 5760×2160, 4,97,66,400 பைட், 64 எம்பி கொடுக்க வேண்டும்.

கேவிஎம் சர்வரில் பதிதல்

கேவிஎம்மில் கியூஎக்ஸ்எல் வகை வீடியோ கார்டு வைத்திருந்தால், அதற்கு மூன்று எண்கள் உண்டு: ராம், விராம், விஜிஏமெம். பெயர்கள் குழப்பினாலும், ஃப்ரேம் பஃபரின் எல்லையைத் தீர்மானிப்பது விஜிஏமெம் மட்டுமே. இயல்பாக அது 16384 என்று இருக்கும். அலகு கிலோபைட், ஆகவே 16 எம்பி. இங்கே ராம் என்பது கணினியின் ராம் அன்று; வீடியோ கார்டின் விஜிஏமெம்மையும் கட்டளை வரிசைகளையும் சேர்த்து உள்ளடக்கும் பெரிய அறை. இயல்பாக 65536, அதாவது 64 எம்பி. அது எப்போதும் விஜிஏமெம்மைப் போலக் குறைந்தது இரண்டு மடங்காக இருக்க வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. விஜிஏமெம்மை 16லிருந்து 32 எம்பியாக உயர்த்தும்போது ராமின் 64 எம்பியே போதுமானதாக இருக்கிறது. அறையின் அளவு கூடுவதில்லை, உள்ளே தடுப்புச் சுவர் மட்டும் நகர்கிறது. எனவே இரட்டை மானிட்டர் கணினிகள் நாற்பது இருந்தாலும் இந்த மாற்றத்தால் ஒதுக்கீடு பெருகிவிடாது. 4கே மானிட்டர் கலந்த மேசைக்கு விஜிஏமெம்மை 65536 ஆக்கும்போதுதான் ராமையும் 131072 ஆக்க வேண்டும்.

மாற்றும் வழி எளிது. கேவிஎம் கணினிகளை நிர்வகிக்கும் விர்ட் மேனேஜரின் விருப்பத்தேர்வுகளில் எக்ஸ்எம்எல் (அமைப்பை எழுதி வைத்திருக்கும் வடிவம்) திருத்தத்தை அனுமதிக்கும் குறியை இட்டுவிட்டு, குறிப்பிட்ட கணினியின் வீடியோ பகுதியைத் திறந்தால் எக்ஸ்எம்எல் என்ற தாவல் கிடைக்கும். அங்கே விஜிஏமெம் என்பதற்கு எதிரே உள்ள 16384ஐ 32768 என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். எண் இரண்டின் அடுக்காகவே இருக்கட்டும்; 22528 என்று துல்லியமாக எழுதினாலும் அது மேல்நோக்கி முழுமையாக்கப்படும், பிறகு ஆவணத்தில் உள்ள எண்ணும் நடைமுறையில் உள்ள எண்ணும் வேறாகி நம்மையே குழப்பும்.

சேமித்த பிறகு செய்ய வேண்டியது முக்கியமானது. மெய்நிகர் கணினிக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் செய்தால் புதிய எண் நடைமுறைக்கு வராது. ரீஸ்டார்ட் செய்யும்போது உள்ளே உள்ள இயங்குதளம் மட்டுமே மறுபடி தொடங்குகிறது. அதைச் சுமக்கும் நிரல் சர்வரில் அப்படியே தொடர்ந்து ஓடுகிறது. முழுமையாக ஷட்டவுன் செய்து, நின்றுவிட்டதை உறுதிசெய்து, சர்வரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தொடங்கிய பின், உள்ளே எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான வடிவில் ஓட்டினால் வீடியோ கார்டின் மெமரிப் பகுதிகளின் அளவுகள் தெரியும். எக்ஸ்ரேண்டர் கட்டளை மானிட்டர்களையும் அவற்றின் அளவுகளையும் காட்டும். இரண்டையும் பார்த்த பிறகே மேசையை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

புதிதாக அமைப்பவர்கள் கியூஎக்ஸ்எல்லுக்குப் பதில் விர்ட்டியோ வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பேன். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 9ஆம் பதிப்பிலேயே, மெய்நிகர் கணினியின் திரையைத் தொலைவுக்கு அனுப்பும் ஸ்பைஸ் முறையும் கியூஎக்ஸ்எல்லும் நீக்கப்பட்டுவிட்டன. விர்ட்டியோவில் தனியாக ஒரு விஜிஏமெம் எண் இல்லை; படத்துக்கான இடம் மெய்நிகர் கணினியின் ராமிலிருந்தே எடுக்கப்படுகிறது, சர்வர் பக்கத்தில் இயல்பான உச்சவரம்பு 256 எம்பி. ஆகவே அங்கே மேலே சொன்ன கணக்கை அந்தக் கணினியின் ராமோடு சேர்த்துப் பார்த்தால் போதும்.

வீட்டில் தங்கள் கணினியிலேயே மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் பழகும் மாணவர்களுக்கு ஒரு வரி: கணினியை அணைத்துவிட்டு, டிஸ்ப்ளே பகுதியில் வீடியோ மெமரி நகர்த்தியை 128 எம்பிக்குக் கொண்டுபோய் வையுங்கள், ஒரே ஒரு மெய்நிகர் கணினிக்குச் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

விஎம்வேர் சர்வரில் பதிதல்

கேவிஎம்மைப் போலவே மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மற்றொரு சர்வர் மென்பொருளான விஎம்வேர் விஸ்பியரில் இந்த அமைப்பு சற்றே விரிவானது. மெய்நிகர் கணினியை முழுமையாக அணைத்த பிறகு, எடிட் செட்டிங்ஸ் திறந்து, வீடியோ கார்டு பகுதியை விரித்தால், தானாகக் கண்டறியும் தேர்வும் நாமே எண்களைக் கொடுக்கும் தேர்வும் இருக்கும். அலுவலகக் கணினிகளுக்கு இரண்டாவதையே தேர்ந்தெடுக்குமாறு சொல்வேன். ஏனெனில் நாம் கொடுத்த எண் என்ன என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மானிட்டர்களின் எண்ணிக்கையையும் மொத்த வீடியோ மெமரியையும் அங்கே எழுத வேண்டும். 1920×1080 ஒன்றுக்கு 8, இரண்டுக்கு 16 என்று குறைந்தபட்சக் கணக்கு வந்தாலும், மானிட்டர் திரும்பும் என்றால் மேலே சொன்ன விதிப்படி 32 எழுதுங்கள். ஒரு கணினியில் 1176×885 என்ற பழக்கமில்லாத அளவில் திரை வந்து, அதற்கு மேல் போக மறுத்தால், 4 எம்பி வீடியோ மெமரியோடு அது கிடக்கிறது என்று சந்தேகிக்கலாம். 1176×885ஐ 4ஆல் பெருக்கிப் பார்த்தால் 4 எம்பிக்குள் சரியாக அடங்குவதைக் காணலாம்.

அதற்குக் கீழே 3டி ஆதரவுக்கான குறியும், ரெண்டரர் என்ற தேர்வும், 3டி மெமரி என்ற எண்ணும் இருக்கும். ரெண்டரருக்கு மூன்று வழிகள். சாஃப்ட்வேர் என்றால் ப்ராசஸரே வரையும். 3டி மெமரி முழுவதும் சர்வரின் ராமிலிருந்து போகும். ஹார்டுவேர் என்றால் சர்வரில் உள்ள கிராபிக்ஸ் கார்டு வரையும். கார்டில் இடம் இல்லாவிட்டால் அந்தக் கணினி தொடங்கவே தொடங்காது. ஆட்டோமேட்டிக் என்றால் கார்டு கிடைத்தால் கார்டு, கிடைக்காவிட்டால் சாஃப்ட்வேர். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும் அலுவலகத்தில் கடைசியாக வருபவருக்குக் கணினியே திறக்காமல் போவதைவிட, சற்று மெதுவாகவாவது திறப்பது மேல். ஆகவே பொதுப் பணியாளர்களுக்கு ஆட்டோமேட்டிக்கையே வைக்கிறேன்.

விஸ்பியரின் மேல் பணியாளர்களுக்கு மெய்நிகர் கணினிகளைப் பகிர்ந்தளிக்கும் ஹொரைசன் மென்பொருளில் கணினிக் கூட்டமாக அமைத்திருந்தால் 3டி மெமரியை 64 எம்பி முதல் 512 எம்பி வரை கொடுக்கலாம். இயல்பான எண் 96. கார்டைப் பங்கிட்டுப் பயன்படுத்தும் விஎஸ்ஜிஏ முறையில் இந்த எண்ணில் பாதி கார்டிலிருந்தும் பாதி சர்வரின் ராமிலிருந்தும் எடுக்கப்படும். இங்கேதான் பெருக்கல் கணக்கை மறக்கக் கூடாது. 42 கணினிகளுக்குத் தலா 96 எம்பி என்றால் 4,032 எம்பி. அதையே 512 ஆக்கினால் 21,504 எம்பி, அதாவது 21 ஜிபி. ஐந்து பேருக்கு நான்கு ஜிபி ராம் வீதம் கொடுக்கக்கூடிய அளவு, உலாவியும் விரிதாளும் மட்டும் திறக்கும் மேசைகளில் சும்மா முடங்கிவிடும். ஆவணப் பணியாளருக்கு 96 தாராளம். பெட்டகத்துக்குள் அட்டைப்பெட்டிகளை எந்த வரிசையில் அடுக்கலாம் என்பதைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டும் மென்பொருளைத் திறப்பவருக்கு 256 கொடுத்துப் பார்த்து, பிறகு தேவையானால் கூட்டலாம்.

ஒரே மூலக் கணினியிலிருந்து நகல்கள் எடுக்கும் கூட்டமாக இருந்தால், நகல்களைத் திருத்திப் பயனில்லை. மூலக் கணினியை அணைத்து, அதில் எண்ணை மாற்றி, புதிய ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் பதிவு) எடுத்து, அதிலிருந்து நகல்களைப் புதுப்பிக்க வேண்டும். தனித்தனிக் கணினிகளுக்கோ, இங்கேயும் ரீஸ்டார்ட் போதாது. அணைத்துத் தொடங்க வேண்டும்.

அலகுகளில் எச்சரிக்கையாக இருங்கள். விஸ்பியர் திரையில் எண்ணை எம்பியில் எழுதுகிறோம். அதே கணினியின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் வீடியோ மெமரி பைட்டில் இருக்கும், 3டி மெமரி கிலோபைட்டில் இருக்கும். கோப்பில் நேரடியாக 32 என்று எழுதினால் அது 32 பைட் என்றே பொருள்படும். முடிந்தவரை திரையிலேயே மாற்றுவது பாதுகாப்பு.

கிராபிக்ஸ் கார்டைப் பங்கிடும்போது

மணலியில் நான் பராமரிக்கும் வரைபட அலுவலகத்தில் தொழிற்சாலைக் கூரைகளுக்கும் குழாய்த் தாங்கிகளுக்கும் இரும்புக் கட்டுமான வரைபடம் போடுகிறார்கள். ஒவ்வொரு போல்ட்டும் முப்பரிமாணத்தில் இருக்கும் மாதிரிகள் அவை. இத்தகைய வேலைக்கு மேலே சொன்ன 3டி மெமரி போதாது. என்விடியாவின் விஜிபியு முறையில், கார்டின் மெமரியையே துண்டு போட்டு ஒவ்வொரு கணினிக்கும் நிலையாகக் கொடுக்க வேண்டும்.

துண்டின் அளவை அதன் ப்ரொஃபைல் (துண்டின் வகை) பெயரே சொல்லும். என்விடியாவின் டி4 கார்டில் 1பி என்றால் ஒரு ஜிபி, 2கியூ என்றால் இரண்டு ஜிபி. கடைசி எழுத்து வேலையின் வகையையும் உரிமத்தையும் குறிக்கிறது: பி சாதாரண அலுவலகக் கணினிக்கு, கியூ வரைபடம் போன்ற கனமான வேலைக்கு. டி4இல் 16 ஜிபி இருப்பதால் ஒரு ஜிபி துண்டுகள் 16, இரண்டு ஜிபி துண்டுகள் 8. பழைய எம்10 கார்டில் 32 ஜிபி என்று எழுதியிருந்தாலும், அது தலா 8 ஜிபி கொண்ட நான்கு தனிச் சில்லுகள் என்பதை மறக்கக் கூடாது. எந்தத் துண்டும் ஒரு சில்லின் எல்லையைத் தாண்ட முடியாது. அரை ஜிபி ப்ரொஃபைலும் சில கார்டுகளில் உண்டு; விண்டோஸ் 10இல் அதற்கு ஒரு மானிட்டர்தான் கிடைக்கும், படத்தை அனுப்பும் கார்டின் வீடியோ என்கோடரும் அதில் முடக்கப்பட்டிருக்கும். இரட்டை மானிட்டர் பழகிவிட்ட நம் அலுவலகங்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மணலி அலுவலகத்தில் முதலில் எல்லோருக்கும் ஒரு ஜிபி கொடுத்தோம். சிறிய மாதிரிகள் நன்றாக ஓடின. பெரிய கூரை மாதிரியைச் சுழற்றும்போது மட்டும் படம் நின்று நின்று நகர்ந்தது. ப்ராசஸர் பயன்பாடு குறைவாக இருந்தது, நெட்வொர்க்கும் தாராளமாக இருந்தது. ஆனால் கணினிக்குள், கார்டின் பயன்பாட்டைக் காட்டும் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டியபோது, ஒரு ஜிபி துண்டு ஏறத்தாழ முழுவதும் நிரம்பியிருந்தது. கணக்கும் அதையே சொன்னது: அவர்களுக்கு 2560×1440 மானிட்டர்கள் இரண்டு வீதம், ஃப்ரேம் பஃபர் மட்டும் 28 எம்பி, அது பெரிய செலவு அன்று. ஆனால் திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் விண்டோஸ் தனித்தனிப் பரப்பை வைத்துக்கொள்கிறது. அதன் மேல் மாதிரியின் வடிவங்கள் வந்து உட்காருகின்றன. எஞ்சியிருந்த இடம் மாதிரிக்குப் போதவில்லை.

இரண்டு ஜிபி கொடுக்கலாம் என்றால், கார்டில் 8 பேருக்குத்தான் இடம். வரைபவர்கள் 7 பேர். சரிபார்ப்பவர்களும் கணக்குப் பிரிவினரும் சேர்ந்து இன்னும் 9 பேர். ஒரே கார்டில் சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்று என்று கலக்கலாமே என்று உரிமையாளர் கேட்டார். அங்கே இருந்த அமைப்பில், ஒரு சில்லின் மேல் உள்ள எல்லாத் துண்டுகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது விதி; கலக்க முடியாது. ஆகவே இரண்டாவது கார்டு வாங்கி, ஒன்றை முழுவதும் 2கியூவாகவும், மற்றொன்றை முழுவதும் 1பியாகவும் வைத்தோம். அப்படி வைத்த பிறகு, சர்வரின் கிராபிக்ஸ் அமைப்பில், கார்டை விஜிபியுவாகப் பங்கிட அனுமதிக்கும் ஷேர்டு டைரக்ட் என்பதோடு, கணினிகளைக் கார்டுகளிடையே பரப்பும் கொள்கைக்குப் பதில், ஒரு கார்டு நிரம்பும் வரை அதிலேயே சேர்க்கும் கொள்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரப்பும் கொள்கையில் விட்டால், காலையில் முதலில் வரும் இருவர் இரண்டு கார்டுகளையும் ஒரே அளவுக்குப் பூட்டிவிட, வேறு அளவு வேண்டியவர்களுக்குக் கணினி தொடங்காது.

விஜிபியு கொடுக்கும் கணினிக்கு ராம் முழுவதையும் ரிசர்வ் செய்தே (அதற்கென்றே பிடித்து வைத்தே) ஆக வேண்டும். செய்யாவிட்டால் அது தொடங்காது. ஆகவே சர்வரில் உள்ள ராமைவிடக் கூடுதலாக ஒதுக்கி ஓட்டிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள், கார்டு வாங்குவதற்கு முன் ராமைக் கணக்குப் பார்க்க வேண்டும். இன்னொன்று: உரிமச் சர்வரோடு தொடர்பு இல்லாவிட்டால் விஜிபியுவின் பட வேகம் வேண்டுமென்றே குறைக்கப்படும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திரை தடுமாறினால், மெமரியைத் தொடுவதற்கு முன் உரிமத்தின் நிலையைப் பாருங்கள்.

அளந்து பார்த்தல்

எண்ணைக் கொடுத்த அன்றே அளந்து பயனில்லை. அன்று யாரும் முழு வேலை செய்வதில்லை. குறைந்தது ஒரு வாரம் ஓடவிட்டு, வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். சரக்கு அலுவலகத்தில் அது கட்-ஆஃபுக்கு முந்தைய இரண்டு மணி நேரம். வரைபட அலுவலகத்தில் சாப்பாட்டு வேளைக்கு முன், எல்லோரும் மாதிரிகளைச் சேமித்து ஒன்றிணைக்கும் நேரம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு வரிசை வந்தால் அதைப் பாருங்கள். விஜிபியு சர்வரில் என்விடியா எஸ்எம்ஐ ஒவ்வொரு துண்டின் பயன்பாட்டையும் காட்டும். உச்ச நேரத்தில் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சமிருந்தால் நிம்மதி. பத்தில் ஒன்றுக்கும் கீழே போனால் அடுத்த அளவுக்கு மாற்ற வேண்டும். இந்த விகிதங்கள் என் பழக்கத்தில் வந்தவை. உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வரி எழுதி வைக்கும் ஏடு ஒன்றைப் பராமரியுங்கள்: மானிட்டர்களின் அளவு, எண்ணிக்கை, திரும்புமா இல்லையா, கொடுத்த மெமரி, கொடுத்த தேதி. மானிட்டர் மாறும் நாளில் அந்த வரியும் மாற வேண்டும். தண்டையார்பேட்டை அலுவலகத்தில் இப்போது புதிய மானிட்டர் வந்தால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன் எனக்கு அதன் அளவை அனுப்பிவிடுகிறார்கள்.

ஒப்படைக்கும்போது பணியாளரை உட்காரவைத்து, அவர் கையாலேயே இரண்டாவது மானிட்டரை நெட்டுக்குத்தலாகத் திருப்பச் சொல்லுங்கள். திரை அமைப்பை மாற்றி, ஒரு பக்கம் இன்வாய்ஸையும் மறுபக்கம் ஐஸ்கேட்டையும் திறந்து, பத்து நிமிடம் அவர் வழக்கம்போல் வேலை பார்க்கட்டும். பிறகு பழைய நிலைக்குத் திருப்பி, இரண்டு திரைகளும் மறுபடி வருகின்றனவா என்று பார்த்த பின்னர் ஏட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.